சாவி யாரிடம் இருக்கிறது?

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே ஏறக்குறையப் பதினைந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளிக்குப் பாதித் தூரம் வாகனத்திலும் மீதித் தூரம் நடையிலுமாகப் போய்க்கொண்டிருந்தேன். பத்திரிகைக்காரன் எங்கே போனாலும் முதலில் எண்ணிக்கையைத்தான் கேட்பான். எத்தனை பேர் இறந்தார்கள்? எத்தனை வீடுகள் அழிந்தன? எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள்? காலையில் ஓர் அலுவலகத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டபோது, விபரம் இன்னும் திரட்டப்படவில்லை என்று பதில் கிடைத்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களில் சிலருடைய வீடுகளையும் கடல் கொண்டுபோயிருந்தது.

வீதியோரத்துச் சிறு ஆலயமொன்றின் படியில் வயோதிபர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவ்வாலயத்தின் மூப்பர். இடுப்பிலே சாவிக்கொத்து, மடியிலே ஒரு பாடசாலைக் கொப்பி. அந்தக் கொப்பியில் வீடு வீடாகப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் அடையாளம். வந்து சேர்ந்தவர்களுக்கு ஒன்று, இன்னும் தேடப்படுகிறவர்களுக்கு ஒன்று, அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கு ஒன்று. இரண்டு நாட்களில் நான் கண்ட முதலாவது ஒழுங்கான பட்டியல் அதுதான். கூர்ந்து பார்த்தேன். அதிலே அந்தோனிப்பிள்ளை இருந்தார், கந்தசாமி இருந்தார், ஆமினா உம்மாவும் இருந்தார்.

"ஐயா, இது உங்கட பங்கு ஆக்களின்ட பட்டியலா?" என்று கேட்டேன்.

"தண்ணி வந்த பக்கத்து வீடுகள் தம்பி. வேதம் பாத்து எழுத நேரமிருக்கேல்ல" என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதன் பின்னர் எத்தனையோ அனர்த்த முகாமைத்துவக் கருத்தரங்குகளுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருக்கிறேன். அங்கே காட்டப்பட்ட வரைபடங்களிலும் அட்டவணைகளிலும் அந்த மூப்பரையும் அவருடைய கொப்பியையும் நான் தேடுவதுண்டு, ஒருமுறையும் கண்டதில்லை. பேரழிவு வந்த முதல் மூன்று நாட்களும் மக்களைத் தாங்குகிறவை அயல்வீடும் வழிபாட்டிடமும்தான். நான்காம் நாள் அரசாங்கமும் நிறுவனங்களும் வந்து சேர்கின்றன. ஐந்தாம் நாளிலிருந்து, முதல் மூன்று நாட்களும் தாங்கியவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் நமக்கு அதிக விலை வைத்திருக்கிறது. இனி வரும் சூறாவளிகளில் இன்னும் அதிக விலை வைக்கும் என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாரின் மறுநாள், போயா விடுமுறை தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் எமது கிழக்குக் கரையைத் தொட்டன. இலங்கையில் இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் 35 ஆயிரத்துக்கு மேல். திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். மூதூர், கிண்ணியா, உப்புவெளி, சல்லி, நிலாவெளி என்று கரையோரம் முழுவதும் ஒப்பாரி. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியே சிதைந்துபோனது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்கு ஓர் எச்சரிக்கைச் சொல்லும் வரவில்லை.

கடவுளின் வீடுகள் மட்டும் தப்பிவிடவில்லை. முல்லைத்தீவில் கடற்கரையோரமாயிருந்த புனித இராயப்பர் ஆலயத்தை அலை தகர்த்தது. மட்டக்களப்பு கல்லடியில் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்தது. இருந்தும், தப்பிய மக்கள் ஓடியது அங்கேதான்: நின்றுகொண்டிருந்த கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும், அவற்றை அடுத்திருந்த பாடசாலைகளுக்கும். தமிழ்க் குடும்பங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சி குடித்ததையும், முஸ்லிம் தாய்மார் கோயில் மடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைத்ததையும், சிங்களக் கிராமங்களிலிருந்து பௌத்த பிக்குகள் சமைத்த சோற்றை ஏற்றி அனுப்பியதையும் அந்த நாட்களில் கிழக்கில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி மூன்றாண்டுகள்கூட நிறைவடையாத காலம் அது. ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துப் பழகிய ஊர்கள் அவை.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். தமிழகத்தின் பரங்கிப்பேட்டையில் திருமண விருந்துக்காகச் சமைக்கப்பட்டிருந்த உணவை அங்குள்ள முஸ்லிம் ஜமாஅத்தினர் அப்படியே எடுத்துச் சென்று, வீடிழந்து நின்ற மீனவ மக்களுக்குப் பரிமாறினார்கள். பின்னர் நாட்கணக்கில் அடுப்பை அணையவிடவில்லை. நாகூர் தர்கா தன் வாசலைத் திறந்ததோடு, இறந்தவர்களை மத வேறுபாடின்றிப் புதைக்க நிலமும் கொடுத்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் இருந்த ஊரவர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. கடற்கரையிலிருந்த மக்கள் ஓடித் தப்பினார்கள். அந்த ஊருக்கு எச்சரிக்கை எந்த அரச அலுவலகம் வழியாகவும் வரவில்லை. ஊரை அறிந்த ஒருவனும் ஊருக்குக் கேட்கும் ஓர் ஒலிபெருக்கியும் அங்கே போதுமாயிருந்தன.

வழிபாட்டிடங்களுக்கு இந்த வல்லமை எங்கிருந்து வருகிறது? அதைப் பக்தியின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சோம்பல். அதற்கு மிகவும் சாதாரணமான நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, சாவி. பெரிய கூரை, கிணறு, மலசலகூடம், மின்பிறப்பாக்கி ஆகியவை உள்ள ஒரு கட்டடத்தை நள்ளிரவில் எவரிடமும் அனுமதி கேளாமல் திறக்கக்கூடிய ஒருவர் அயலிலேயே வசிக்கிறார். இரண்டாவது, பெயர். திருமுழுக்குப் பதிவேடும் திருவிழா உபயகாரர் பட்டியலும் சந்தாப் புத்தகமும் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். படுக்கையில் கிடக்கும் கிழவி யார், நிறைமாதக் கர்ப்பிணி யார் என்பதைப் புத்தகமின்றியே அவர்கள் அறிவார்கள். மூன்றாவது, கிடாரம். ஆயிரம் பேருக்கு அன்னதானம் சமைத்துப் பழகிய கைகளும் பாத்திரங்களும் ஊரிலேயே இருக்கின்றன. நான்காவது, நம்பிக்கை. வரிசையில் நில் என்று பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் சொன்னால் வாக்குவாதம் வரும். ஐயரோ மௌலவியோ பாதிரியாரோ சொன்னால் பெரும்பாலும் நிற்பார்கள்.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய இயல்பென்று எண்ணிவிடக் கூடாது. சுனாமி வந்து எட்டு மாதங்களில், 2005 ஓகஸ்ட் 29 அன்று, கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. அணைக்கரைகள் உடைந்து நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் எண்பது வீதம் நீரில் மூழ்கியது. ஆயிரத்து முன்னூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் மிகப் பெரிய வல்லரசு தன் சொந்தக் குடிமக்களைக் கூரைகளிலிருந்து இறக்கத் தடுமாறியதைத் தொலைக்காட்சியில் கண்டோம். அப்போது இலங்கை அரசாங்கம் 25 ஆயிரம் டொலர் உதவி அனுப்பியது. கொழும்பில் சிலர் அதை நகைச்சுவையாகப் பேசினார்கள். திருகோணமலையில் நான் அறிந்த எவரும் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. நியூ ஓர்லியன்ஸ் எங்களுக்கு அந்நிய ஊரன்று. 1940களின் பிற்பகுதியிலிருந்து அந்த ஊரை மையமாகக் கொண்ட இயேசு சபை மாகாணத்தின் துறவிகள் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வந்து, கல்லூரிகளில் படிப்பித்து, இங்கேயே முதுமை அடைந்தார்கள். நியூ ஓர்லியன்ஸில் பிறந்த மில்லர் அடிகளார் மட்டக்களப்பு மக்களின் துயரங்களைப் பல்லாண்டு பதிவு செய்து, 2019 ஜனவரி முதலாந் திகதி காலமானார். அதே லூசியானா மாநிலத்தவரான ஹேபியர் அடிகளார் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன் சென்ற இளைஞனோடு காணாமற் போனார். இன்றுவரை தகவல் இல்லை. அந்த மனிதர்களின் ஊர் நீரில் மூழ்கியபோது எங்களூர்க் கிழவர்கள் கலங்கியதில் வியப்பென்ன?

நியூ ஓர்லியன்ஸின் கிழக்குப் புறத்தில் வியட்நாமிய அகதிகளின் குடியிருப்பு ஒன்று உண்டு. 1954இல் வட வியட்நாமிலிருந்து தெற்கே ஓடியவர்கள். 1975இல் அங்கிருந்தும் ஓடி அமெரிக்கா சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் இறால் பிடிக்கும் தொழிலாளர். 'வியட்நாமின் அரசி மரியாள்' என்பது அவர்களின் ஆலயம். கத்ரீனாவுக்குப் பின்னர் அந்தப் பகுதியை மீளக் கட்டுவதா கைவிடுவதா என்று நகரம் விவாதித்துக்கொண்டிருக்க, ஒக்டோபர் மாதத்திலேயே அவர்கள் திரும்பி வந்து, சேதமடைந்த ஆலயத்தில் பூசை கண்டார்கள். மின்சாரம் கேட்டபோது, கட்டணம் செலுத்த அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று மின்நிறுவனம் வினவியது. பங்குத் தந்தை ஐந்நூறு பேரின் பெயர்ப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மின்சாரம் வந்தது. அடுத்த ஆண்டு, சூறாவளிக் குப்பைகளைக் கொட்டும் இடமொன்றை நகர நிர்வாகம் அவர்களின் குடியிருப்பை அண்டித் திறந்தபோது, அதே பட்டியலிலிருந்த மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். சில மாதங்களில் அது மூடப்பட்டது.

நிலாவெளி மூப்பரின் கொப்பிக்கும் அந்தப் பங்குத் தந்தையின் பட்டியலுக்கும் வேறுபாடு ஒன்றே. அங்கே கேட்கப்பட்டது, பயன்பட்டது. இங்கே யாரும் கேட்கவில்லை.

கேட்காததால் என்ன நடந்தது? இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். சுனாமிக்குப் பின்னர் அரசாங்கம் கரையோரப் பாதுகாப்பு வலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் நூறு மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர். அந்த எல்லைக்குள் வீடு கட்டக் கூடாது. நாற்பது வீதத்துக்குக் குறைவாகச் சேதமடைந்த கட்டடங்களைத் திருத்திக் கொள்ளலாம் என்று விதிவிலக்கும் வைத்தார்கள். கல்லும் கொங்கிறீற்றும் கொண்டு கட்டிய உல்லாச விடுதிக்கு அந்த விதிவிலக்கு உதவும். கிடுகினால் மேய்ந்த மீனவர் வீட்டுக்கு உதவுமா? அலை அதை நாற்பது வீதமா அழித்திருக்கும்? கடலிலிருந்து மைல் கணக்கில் தள்ளிக் குடியேற்றினால் வள்ளத்தையும் வலையையும் யார் காவல் காப்பது என்பதைக் கரைவலைச் சம்மாட்டி ஒருவரிடமோ கடற்கரைக் கோயிலின் பரிபாலன சபையிடமோ கேட்டிருந்தால் ஒரே மாலையில் பதில் கிடைத்திருக்கும். எதிர்ப்புக் கிளம்பி, அந்த எல்லைகள் பின்னர் தளர்த்தப்பட்டன. அதற்குள் ஓராண்டு கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் கழிந்திருந்தது.

இரண்டாவது உதாரணம் வீட்டு உரிமை. கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. சீதனமாக வீட்டைக் கொடுத்து, மணமகன் மனைவியின் ஊருக்கு வந்து வாழ்வது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். நிவாரணப் படிவத்திலோ 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. தாய்வழியாக வந்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் பலருக்குப் புதிய வீட்டின் உறுதியில் பெயர் இல்லாமற் போயிற்று. இந்த வழக்கத்தை அறிய ஆய்வாளர் தேவையில்லை. கலியாணப் பதிவேட்டை வைத்திருக்கும் எந்தப் பள்ளிவாசல் நிர்வாகியும் எந்தப் பாதிரியாரும் சொல்லியிருப்பார்.

உதவியைப் பகிர்வதற்கென 2005 ஜூன் 24 அன்று அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பும் இதே குறையோடுதான் பிறந்தது. முஸ்லிம்கள் அதில் கையெழுத்திடும் தரப்பாக இருக்கவில்லை என்ற நியாயமான மனத்தாங்கல் எழுந்தது. தென்னிலங்கையில் எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலை 15 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, அது செயற்படாமலே முடிந்தது. ஆறு மாதங்களுக்கு முன்னர் ஒரே கிடாரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்கள், மேலே வரையப்பட்ட கட்டமைப்பு ஒன்றினால் மீண்டும் தனித்தனி வரிசைகளில் நின்றார்கள். மறு ஆண்டு போர் மூண்டது.

இவ்வளவும் சொன்ன நான், வழிபாட்டிடங்களின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. முதலாவது, மதமாற்றப் பிரச்சினை. சுனாமி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2004இல், மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று நாட்டைக் கொந்தளிக்க வைத்திருந்தது. அந்தச் சூழலில் நிவாரணப் பொதியோடு வேத புத்தகத்தையும் கொண்டுவந்த சில வெளிநாட்டுக் குழுக்கள் பெரும் தீங்கு செய்தன. நூறாண்டுக்கு மேலாக இந்த மண்ணில் பள்ளிக்கூடமும் மருத்துவமும் நடத்திய கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளின் மீதும் அந்தச் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. பசித்தவனிடம் சோற்றைக் காட்டி விசுவாசத்தைக் கேட்பது எந்த மதத்தின் பேரில் நடந்தாலும் அது அறமன்று.

இரண்டாவது குறை நமக்கு உள்ளேயே இருக்கிறது. முதல் வாரத்தில் எல்லோருக்கும் திறந்திருந்த கதவுகள், வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கியதும் ஒருக்களித்ததை நான் பார்த்திருக்கிறேன். 'எங்கட ஆக்களுக்கு முதலில்' என்ற பேச்சு எல்லாப் பக்கமும் கேட்டது. சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த இடங்களும் இருந்தன. பரிபாலன சபைகளிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் பெண்கள் இல்லை. ஆகவே முகாமில் பெண்களுக்கு என்ன தேவை என்பது ஆண்களுக்குத் தோன்றிய அளவில்தான் வந்து சேர்ந்தது. ஆலயத்துக்கு வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்டவன் தெய்வ நிந்தனை செய்தவனானான். இவற்றையெல்லாம் காரணங்காட்டி, மதத்தை அனர்த்த வேலையில் சேர்க்கவே கூடாது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களின் அச்சம் மெய்யானது. ஆனால் அவர்களின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், தண்ணீர் வரும் இரவில் மக்கள் அங்கேதான் ஓடுவார்கள். ஓடப்போவது நிச்சயமென்றால், அந்த இடத்துக்குப் பொறுப்பும் விதியும் வைப்பதுதானே விவேகம்?

இந்தக் கேள்வி நாளுக்கு நாள் அவசரமாகிறது. வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றாலே எங்கள் பக்கத்துக்கு வயிற்றைக் கலக்கும். 1964 டிசம்பர் 22, 23ஆந் திகதிகளில் வடகிழக்கு இலங்கையைக் கடந்த சூறாவளிதான் தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தென்னந்தோட்டங்கள் தலையிழந்து நின்றன. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. கொரோனாக் காலத்தில் ஒரே மண்டபத்தில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் தடுமாறினார்கள். அஞ்சிய அளவுக்கு அழிவு வரவில்லை. அது அதிர்ஷ்டம், ஆயத்தம் அன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தது. நாடெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; மலையகத்தில் மண் சரிந்து லயன்கள் புதைந்தன. எங்கள் மாவட்டத்தில் மகாவலி பெருகி, 2006இல் எந்த மாவிலாற்று மதகை மூடியதால் போர் மூண்டதோ, அதே மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்தது. மக்களை ஹெலிகொப்டரில் ஏற்ற வேண்டியதாயிற்று. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. 2004இல் எச்சரிக்கையே வரவில்லை. 2025இல் எச்சரிக்கை வந்தும், எல்லோருடைய மொழியிலும் உரிய வேளையில் வரவில்லை.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. நிலையமும் மாவட்ட அலகுகளும் இருக்கின்றன. கிராம மட்டக் குழுக்கள் அமைக்கலாம் என்பதும் ஏட்டில் இருக்கிறது. புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவிலாவது ஐந்து காரியங்களைச் செய்து பார்க்கலாம்.

ஒன்று: ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் உள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, சாவி வைத்திருப்பவர் இருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும். கிணறு, மலசலகூடம், கூரையின் உறுதி, கடல் மட்டத்திலிருந்து உயரம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். கடலுக்கு மிக அண்மையிலுள்ளவற்றை, தங்குவதற்கு ஆகாதவை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இராயப்பர் ஆலயம் கற்பித்த பாடம் அது.

இரண்டு: பாங்கு சொல்லும் ஒலிபெருக்கியும் திருவிழா ஒலிபெருக்கியும் ஆலய மணியும் எச்சரிக்கைக்குப் பயன்பட வேண்டும். எந்த ஓசைக்கு என்ன பொருள் என்பதை எல்லோரும் அறிய ஆண்டுக்கொரு முறை ஒத்திகை நடத்த வேண்டும். செய்தி தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வர வேண்டும்.

மூன்று: பட்டியல் வீட்டு வரிசையில் இருக்க வேண்டும். மத வரிசையில் ஒருபோதும் இருக்கக் கூடாது. ஐயரும் மௌலவியும் பாதிரியாரும் பிக்குவும் கிராம உத்தியோகத்தரும் ஒரே மேசையில் இருந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். குறைந்தது பாதிப் பேராவது பெண்களாயிருக்க வேண்டும்.

நான்கு: நிவாரணம் வழங்கும் இடத்தில் பிரசாரம் கூடாது என்று எல்லாச் சமயத்தவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மீறுபவரை அந்தச் சமயத்தவரே விலக்க வேண்டும்.

ஐந்து: வந்த அரிசியும் தறப்பாளும் பணமும் எவ்வளவு, எங்கே போயின என்ற கணக்கு ஆலயச் சுவரிலேயே ஒட்டப்பட வேண்டும். தெய்வத்தின் பெயரால் வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்ட வெட்கப்பட என்ன இருக்கிறது?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை. தொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் ஒரு கோயிலிலோ தேவாலயத்திலோ உண்டியல் குலுங்கினால் நிலாவெளியில் ஓர் அடுப்பு எரிகிறது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆயினும் ஊரிலுள்ள 'எங்கட கோயிலுக்கு' என்று குறித்து அனுப்பும்போது, அந்தக் கோயிலின் அயலில் வேற்றுச் சமயத்தவர் எத்தனை வீடுகள் என்று ஒருமுறை கேளுங்கள். அவர்களுக்கும் சேர்த்து என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி பணத்தைவிடப் பெரிய உதவியாகும்.

அந்த மூப்பர் இப்போது இல்லை. கடைசியாக அவரைக் கண்டபோது கொப்பியைப் பற்றி விசாரித்தேன். முகாம் கலைந்த பின்னர் எவரும் அதைக் கேட்டு வரவில்லையென்றும், கரையான் அரித்துவிட்டதென்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. எங்கள் கரையோரத்தின் இறந்தவர்களையும் இருந்தவர்களையும் முதன்முதலில் எண்ணிய ஏடு அது.

அண்மையில் அந்த வழியால் போனேன். ஆலயத்துக்குப் புதிய கதவு, புதிய பூட்டு. எதிரேயிருந்த கடையில் தேநீர் குடித்தபடி, சாவி யாரிடம் இருக்கிறதென்று கேட்டேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் இளைஞர். யோசிக்கவே இல்லை, மூன்றாவது வீட்டைக் கைகாட்டினார். அவர் இரவில் வீட்டில் இல்லாவிட்டால் அவருடைய மகளிடம் இருக்கும் என்றும் சொன்னார்.

அந்த இளைஞருக்குத் தெரிந்த இந்தச் செய்தி, மாவட்டத்தின் அனர்த்த முகாமைத்துவத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது? அடுத்த கார்த்திகைக்கு முன்னர் யாராவது அதை எழுதி வைப்பார்களானால், அந்தக் கொப்பி வீண்போகவில்லை என்று எண்ணி ஆறுதலடைவேன்.